விசாகப்பட்டினம் நேவல் டாக்யார்டு அப்ரண்டிஸ்: தமிழ்வழி ஐடிஐ பையன்களை எப்படித் தயார்படுத்துவது?

பிட்டர்_செக்ஷன்:
எங்கள் ஐடிஐயில் ஃபிட்டர், வெல்டர், பிளம்பர் முடித்தவர்கள் சிலர் விசாகப்பட்டினம் நேவல் டாக்யார்டு (கடற்படைக் கப்பல் பட்டறை) அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) பள்ளிக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறார்கள். எல்லோரும் தமிழ்வழி. எதை வைத்து ஆள் எடுக்கிறார்கள்? விண்ணப்பம் எங்கே அடிபடுகிறது? கப்பல் வேலைக்கென்று நாங்கள் இங்கேயே எதைச் சொல்லிக்கொடுத்து அனுப்பலாம்?

துறைமுகப்_பட்டறை:
2025-26 பேட்ச் அறிவிப்பை வைத்துச் சொல்கிறேன். மொத்தம் 275 இடம். பத்தாம் வகுப்பில் 50 சதவீதம், ஐடிஐயில் 65 சதவீதம் வேண்டும். குறைந்தபட்ச வயது 14, அபாயகரமான டிரேடுகளுக்கு (தொழில் பிரிவுகளுக்கு) 18. உச்ச வரம்பு கிடையாது.

பலர் கவனிக்காதது தேர்வுக்கு அழைக்கும் கணக்கு. பத்தாம் வகுப்புக்கு 70, ஐடிஐக்கு 30 என்று எடை போட்டு, ஓர் இடத்துக்கு ஐந்து பேரை அழைக்கிறார்கள். பத்தில் 62, ஐடிஐயில் 88 வாங்கியவனுக்கு 43.4 + 26.4 = 69.8 வரும். பத்தில் 80, ஐடிஐயில் 70 வாங்கியவனுக்கு 77. பட்டறையில் கெட்டிக்காரன் பின்னால் போவது இதனால்தான். பையன்களுக்கு இதை முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிடுங்கள்.

எழுத்துத் தேர்வு ஓஎம்ஆர் தாளில் (விடைக்கான வட்டத்தை நிரப்பும் தாள்), ஒரு மணி நேரம், 75 கேள்வி: கணிதம் 30, பொது அறிவியல் 30, பொது அறிவு 15. கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டும். பாடம் பத்தாம் வகுப்பு அளவுதான். தமிழ்வழிப் பையன் சறுக்குவது கேள்வியின் மொழியில். சராசரி, விகிதம், அடர்த்தி, உராய்வு, உருகுநிலை இவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் ஒரு 200 கண்ணுக்குப் பழகினாலே பாதி பயம் போய்விடும். அடுத்து நேர்காணல், மருத்துவப் பரிசோதனை.

இ-சேவை_மையம்:
விண்ணப்பம் இரண்டு கட்டம். முதலில் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டலில் (அரசின் இணையதளம்) பதிவு. பிறகு அந்த விண்ணப்பத்தை அச்செடுத்து, ஹால்டிக்கெட் படிவம், சான்றிதழ் நகல்களோடு கடைசித் தேதிக்குள் போய்ச் சேரும்படி தபாலில் அனுப்ப வேண்டும். போர்ட்டலில் "விண்ணப்பித்தாயிற்று" என்று வந்ததும் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்த விண்ணப்பம் கணக்கிலேயே வராது.

நம் ஊர்க்காரர்களுக்கு வரும் தனிச் சிக்கல் இனிஷியல். எஸ்எஸ்எல்சி சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லாமல் என்று மூன்று விதமாக இருக்கும். பதிவு ஆதார் பெயரில்தான் நடக்கும். எஸ்எஸ்எல்சியில் உள்ளபடி ஆதாரைத் திருத்திவிட்டு, வங்கிக் கணக்கையும் அதோடு இணைத்த பிறகே பதிவு செய்யுங்கள்.

2021இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மதிப்பெண் இல்லாமல் "தேர்ச்சி" மட்டும் போட்டுச் சான்றிதழ் தந்தார்கள். அவர்கள் அறிவிப்பில் உள்ள மின்னஞ்சலுக்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலை விண்ணப்பத்தோடு இணைப்பது நல்லது.

பிட்டர்_செக்ஷன்:
நன்றி சார். பிளம்பர் பையனுக்கு இடம் உண்டா? உதவித்தொகை எவ்வளவு?

துறைமுகப்_பட்டறை:
உண்டு. பைப் ஃபிட்டர் டிரேடுக்கு பிளம்பர் ஐடிஐதான் தகுதி. கார்பென்டர் முடித்தவர்கள் கப்பல் மரவேலையான ஷிப்ரைட் (மரம்) பிரிவுக்குப் போகலாம். 2025-26 அறிவிப்பில் உதவித்தொகை ஓராண்டு ஐடிஐக்கு மாதம் 7,700 ரூபாய், ஈராண்டு ஐடிஐக்கு 8,050 என்று இருந்தது. வெளியூரில் தங்கிச் சாப்பிட இது பற்றாது. வீட்டில் பேசிவிட்டு அனுப்புங்கள்.

வால்வு_லேப்பிங்:
கப்பல் வேலைக்கென்று எதைச் சொல்லிக்கொடுப்பது என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஃபிட்டருக்கு ஒரே ஒரு வேலையை ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள்: குளோப் வால்வு (பைப்பில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஓவர்ஹால், அதாவது பிரித்துச் சீர்செய்வது. டிஸ்க்கையும் (மூடும் தட்டு) சீட்டையும் (அது உட்காரும் வளையம்) முதலில் முரட்டு கிரைண்டிங் பேஸ்ட், பிறகு நைஸ் பேஸ்ட் போட்டு லேப் செய்ய, அதாவது ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்த வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றக் கூடாது. கால் சுற்று முன்னும் பின்னும் ஆட்டி, அடிக்கடி தூக்கி வேறு இடத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சீட்டில் வட்டக் கீறல் விழும். பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, எங்கே ஒட்டுகிறது என்று காட்டும் நீலப் பசையான புளூவை டிஸ்க்கில் தடவிப் பார்க்க வேண்டும். பையன்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். புளூவை அப்பினால் இடைவெளி இருக்கும் இடத்திலும் ஒட்டிக்கொண்டு முழு வட்டம் போலத் தெரியும். விரலால் தேய்த்து மெல்லிய படலமாக விட்டு, சீட்டில் அறுபடாத வளையம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் பாடி ஹைட்ராலிக் டெஸ்ட் (வால்வு உடலுக்குத் தண்ணீர் அழுத்தச் சோதனை). சீட் கசிவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பிளம்பருக்கு ஃபிளாஞ்ச், அதாவது இரண்டு பைப்பைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு. இரண்டு முகமும் தானாகவே நேருக்கு நேர் வந்து உட்கார வேண்டும். விலகி நிற்பதை போல்ட்டால் இழுத்து மூடினால் அன்றைக்குக் கசியாது. கப்பல் ஓடும் அதிர்விலும் சூட்டிலும் இடையில் உள்ள கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) பிய்ந்துகொள்ளும். போல்ட்டை எதிரெதிராக, மூன்று சுற்றாக இறுக்கப் பழக்குங்கள்.

ஹாட்_வொர்க்:
எல்லா டிரேடுக்கும் பொதுவாக ஒன்று: மூடிய டேங்கில் இறங்குவது. ஐடிஐ பட்டறையில் இதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பல நாள் மூடிக் கிடந்த டேங்கில் இரும்பு துருப்பிடிக்கும்போதே காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாடை வராது, ஆள் அப்படியே சாய்வான். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவன் சாய்ந்தால் காப்பாற்ற இன்னொருவன் குதிக்கவே கூடாது. வாசலில் நிற்கிறவன் அலாரம் கொடுக்க வேண்டும், இடத்தை விட்டு அசையக் கூடாது. இதை வாயால் சொல்ல வைத்துப் பழக்குங்கள்.

வெல்டர் பையன்களுக்கு: சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வரும்போது கேஸ் ஹோஸையும் டார்ச்சையும் டேங்குக்குள் விட்டு வரக் கூடாது. டார்ச் வால்வு லேசாகக் கசிந்தாலும் ஒரு மணி நேரத்தில் உள்ளே கேஸ் நிரம்பிவிடும். திரும்பி வந்து லைட்டர் தட்டினால் முடிந்தது. 7018 வகை வெல்டிங் ராடு ஈரம் உறிஞ்சியிருந்தால் வெல்டில் ஹைட்ரஜன் புகுந்து பிறகு விரிசல் விடும். ஓவனில் (சூட்டடுப்பில்) காய வைத்த ராடைத்தான் எடுக்க வேண்டும்.

துறைமுகப்_பட்டறை:
வேலை பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் பெற்றோர் கேட்பார்கள். பயிற்சி முடித்தால் வேலை தந்தே ஆக வேண்டும் என்று அப்ரண்டிஸ் சட்டம் 1961 சொல்லவில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் கடற்படை 1,266 டிரேட்ஸ்மேன் ஸ்கில்டு (திறன் தொழிலாளர்) பணியிடங்களுக்கு அறிவிப்பு விட்டபோது, அது கடற்படை யார்டுகளில் அப்ரண்டிஸ் முடித்தவர்களைக் குறிவைத்தே வந்தது. அதனால் கடைசியில் நடக்கும் அகில இந்திய டிரேடு தேர்வை எழுதி தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்காமல் ஊருக்குத் திரும்ப வேண்டாம் என்று ஒவ்வொரு பையனிடமும் சொல்லி அனுப்புங்கள்.