வேப்பமரத்தடி அழிப்பாங்கதைகள்

விடுகதை மூளைக்கு நல்ல பயிற்சி என்று சொல்கிறவர்கள், பிள்ளைகள் அதை விளையாடும்போது பக்கத்தில் நின்று கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பக்கம் பெரியவர்கள் இன்றும் அழிப்பாங்கதை என்றுதான் சொல்வார்கள். மதியச் சாப்பாடு முடிந்து மணி அடிக்கும்வரை வேப்பமரத்தடியில் அதுதான் நடக்கும். நான் கிட்டே போனால் ஆட்டம் கலைந்துவிடும். அதனால் தள்ளி நின்றே கேட்பேன்.

பாதிக்கு மேல் எல்லாருக்கும் விடை தெரிந்த கதைகள்தான். "ஊசி நுழையாத கிணற்றிலே ஒரு படி தண்ணீர்" என்று தொடங்கும்போதே நாலு பேர் "தேங்காய்" என்று கத்திவிடுவார்கள். சுவையெல்லாம் சண்டையில்தான்.

ஒருநாள் நான்காம் வகுப்புக்காரி ஒருத்தி, "ஒரு நெல்லைக் குத்தினால் வீடெல்லாம் உமி" என்று போட்டாள். வழக்கமான விடை, விளக்கு. தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகும் அம்மாவின் மகள் ஒருத்தி, "பட்டாசு" என்றாள். ஒற்றை வெடி போட்டால் வாசல் முழுக்கக் காகிதம் சிதறுகிறதே, அது உமி இல்லையா என்று கேட்டாள். கதை போட்டவள் ஒப்புக்கொள்ளவே இல்லை, பாட்டி விளக்கு என்றுதான் சொன்னாளாம். என்னைக் கேட்டால் பட்டாசுதான் பொருத்தம். வெளிச்சத்தைக் காட்டிலும் காகிதக் குப்பைதான் உமிக்கு நெருக்கம். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பிடித்தது, "அக்கா என்றால் ஒட்டாது, அம்மா என்றால் ஒட்டும், அது என்ன?" உதடு என்று தெரிந்த பிறகுதான் கூத்தே ஆரம்பிக்கும். வாயில் விரலை வைத்துக்கொண்டு உறவுமுறை அத்தனையையும் சொல்லிப் பார்ப்பார்கள். தாத்தா, அத்தை, சித்தி ஒரு பக்கம். மாமா, தம்பி, பாட்டி மறுபக்கம். சித்தப்பாவைப் பிரிப்பதில் பெரிய தகராறு. முன்பாதி ஒட்டாது, பின்பாதி ஒட்டும். உதடு ஒட்டாமலே பாடுவதற்கு நிரோட்டகம் என்று பெயர்; 17-ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன்மேல் ஓர் அந்தாதியையே அப்படிப் பாடியிருக்கிறார். இந்த வாண்டுகளுக்கு அது தெரியாது.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். கணக்குப் பாடம் என்றால் தலையைக் குனிந்துகொள்வான். அவனிடம் பறவைக் கணக்கைப் போட்டார்கள். தனியாக வந்த ஒரு புறாவிடம் பறந்துபோகும் கூட்டம் சொல்கிறது: "நாங்களும், எங்கள் அளவும், அதில் பாதியும், பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால் நூறு." பையன் 40 என்று வைத்துப் பார்த்தான், 110 வந்தது, புறாவைச் சேர்க்காமலே. பாதியில் பாதி முழுதாக வர வேண்டுமென்றால் நாலு நாலாகத்தான் குறைக்க வேண்டும் என்று தானாகவே சொல்லி, 36-க்கு வந்துவிட்டான். 36, 36, 18, 9, கடைசியாக அந்த ஒன்று.

மறுநாள் புறாவை எடுத்துவிட்டு, அதே கணக்கைப் பின்னமாகக் கரும்பலகையில் எழுதினேன். கை தூக்க ஆளில்லை, அவன் உட்பட.