பதில்: நண்டு வலைக்குக் காசு சேர்க்கிற விசயம்

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஊரில நண்டு பிடிக்கிற வீடுகளுக்குப் புது வலை வாங்கிக் குடுக்க வெளிநாட்டில இருக்கிற நாங்கள் காசு சேர்க்கிறதுக்குப் பொருளாளர் அண்ணை போட்ட கணக்கையும் பட்டியலையும், அதுக்குக் கீழ லண்டன் மாமா எழுதினதையும் வாசிச்சிட்டுத்தான் எழுதுறன். மாமா, எங்கட ஊர்ச் சனம் ஆரிட்டயும் கை நீட்டினதில்லை, வலைக்குக் காசு சேர்க்கிறது ஊருக்கு மரியாதையில்லை எண்டுறியள். நீங்கள் வெளிநாட்டுக்கு வெளிக்கிடேக்க ஆர்ர வீட்டு வலையும் வள்ளமும் வித்த காசு எண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்ப போகாத மரியாதை இப்ப போகாது.

மாசியில அண்ணன் வீட்டில போய் நிண்டனான். முந்தி விடியக் கரைக்குப் போனால் நண்டு கழட்டுறதுக்கே ஒரு கூட்டம் இருக்கும், பள்ளிக்கூடம் போக முதல் நாங்களும் குந்தியிருந்து கழட்டுவம், கால் முறிஞ்சால் விலையைக் குறைச்சுப்போடுவினம் எண்டு அம்மா கத்திக்கொண்டு நிப்பா. இப்ப அண்ணனும் அண்ணியும் மட்டும்தான். வலை முழுக்கக் கிழியல், பெட்டியின்ர அடிகூட மறையேல்லை, கிடந்ததில பாதி குஞ்சு, ரெண்டு மூண்டு சினையோட. சினையை எண்டாலும் விடுங்கோவன் எண்டு கேட்டன். அண்ணன் வாய் திறக்கேல்லை. அண்ணிதான், "விட்டால் நாளைக்கு எண்ணெய்க்கு ஆர் காசு தாறது" எண்டா. ஒரு பெட்டை நண்டு லட்சக்கணக்கில முட்டை சுமக்கும், குஞ்சு ஒரு வருசமளவில தானும் சினைக்கு வந்திடும், விட்டுவச்சால் கெதியாப் பெருகிற சீவன். அதையே விட ஏலாத அளவுக்கு வீட்டு நிலைமை வந்திட்டுது.

எல்லாத்துக்கும் இந்திய ரோலர், அதுதான் அடிக்கடலை வழிக்கிற இழுவைப் படகுதான் காரணம் எண்டு ரெண்டு பேர் எழுதியிருக்கிறியள். ரோலர் வாறது உண்மை. திங்கள், புதன், சனி அவை வாற நாள் எண்டால் வலை போடவே பயம், போட்டால் காலமை ஈயக்கயிறும் மிஞ்சாது. 2017 இல இலங்கையில இழுவை மடியை (ரோலர் இழுக்கிற வலை) தடை செய்து சட்டம் வந்தது, அடுத்த வருசம் வெளிநாட்டுப் படகுகளுக்குத் தண்டப்பணத்தைக் கூட்டினவை, அப்பிடியும் அண்ணன் கிழிஞ்ச வலையைப் பொத்தித் தைச்சுக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் நாங்கள் செய்ததையும் கதைக்கோணும். 2009 இல சண்டை முடிஞ்ச பிறகு கொம்பனிக்காரர் ஐஸ் பெட்டியோட கரைக்கு வந்து, நண்டுச் சதையை அமெரிக்காவுக்கு ஏத்தத் தொடங்கினாப்பிறகு, மீன் வலை வச்சிருந்தவையும் நண்டு வலைக்கு மாறினவை, ஒரு போட்டில ஏத்துற வலையும் கூடிச்சு, வலைக்கண்ணும் சின்னனாப் போச்சு. அப்பா நிலவு காலத்தில நண்டு சதையில்லாமல் சோடை எண்டு வலையைக் கரையில காயவிட்டிட்டுப் பொத்திக்கொண்டிருப்பார், கடலுக்கும் கொஞ்சம் மூச்சு விடக் கிடைச்சது. இப்ப நிலவும் இல்லை இருட்டும் இல்லை, ஒவ்வொரு நாளும் வலை தண்ணிக்குள்ள.

பேந்து 2022 ஓகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில இருந்து 340 ரூபாவுக்கு ஒரே அடியா ஏறினது, சின்ன எஞ்சின் வச்சிருந்த வீடுகள் அதோட விழுந்தது இன்னும் எழும்பேல்லை. பூநகரிப் பக்கம் கடலட்டைப் பண்ணை எண்டு ஆழமில்லாத கடலையும் அடைச்சவை, அதுதான் நண்டும் றாலும் வளர்ற இடம், போட் இல்லாத சனம் நடந்து போய்ப் பிடிக்கிற இடமும் அதுதான். அங்க கிராஞ்சி ஊர்ச் சனம் அதுக்கு எதிரா எவ்வளவு காலம் குந்தியிருந்து போராடினது, எங்கட சங்கம் ஒரு கடிதம்கூடப் போடேல்லை. எனக்கு அது இண்டைக்கும் கோபம்.

இப்ப காசுக்கு வாறன். பொருளாளர் அண்ணை ஒவ்வொரு வலைக்கும் பில் கேக்கிறது நூற்றுக்கு நூறு சரி, மண்டபக் காசு போன வழி எல்லாருக்கும் தெரியும். ஆனால் அண்ணை, உங்கட பட்டியலில இருக்கிறது எல்லாம் போட் வச்சிருக்கிற ஆம்பிளையள். கொம்பனிக்கு நண்டுச் சதை பிரிக்கப் போற பெண்டுகள் ஒருத்தரும் இல்லை. அதில கனபேர் புருசன் இல்லாதவை, சண்டையில இழந்ததுகள். நண்டு வரத்து இல்லையெண்டால் கொம்பனி வான் வராது, வான் வராட்டி அண்டைக்குச் சம்பளம் இல்லை, அவைக்குக் கிழிஞ்ச வலைகூட இல்லைக் காட்டிக் கேக்க. அவை மேற்குத்தெருச் சனம் எண்டபடியால் பட்டியலில விட்டதெண்டால் அதையும் வெளிப்படையாச் சொல்லுங்கோ.

அதே சின்னக் கண் வலையை வாங்கிக் குடுக்கிறதுக்கு நான் ஒரு டொலரும் தரமாட்டன். ரெண்டு வருசத்தில மிச்சக் குஞ்சையும் வழிச்செடுக்கத்தான் அது உதவும். பெரிய கண் வலை வாங்குவம், பழைய வலையைக் கொண்டுவந்து குடுத்தவைக்குத்தான் புதுசு, காசு கூட்டுறவுச் சங்கத்துக்கால போகட்டும். பெரிய கண்ணுக்கு மாறினால் முதல் கொஞ்சக் காலம் பிடிபாடு குறையும், அதுக்கு எண்ணெய்க் காசில ஒரு பங்கு நாங்கள் போடோணும், இல்லாட்டி அண்ணி கேட்ட கேள்விக்கு எங்களிட்ட மறுமொழி இல்லை. சதை பிரிக்கிறவைக்கெண்டு தனியா ஒரு தொகையும் ஒதுக்கோணும்.

சின்னண்ணை, உங்கட மச்சான் கூட்டுறவுச் சங்கத்தில இருக்கிறார்தானே, பெரிய கண் வலை என்ன விலை, எத்தினை வீட்டுக்காரர் மாற விருப்பம் எண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முதல் கேட்டு எழுதுங்கோ. என்ர பங்கு எடுத்து வச்சிருக்கிறன், இதுக்கு ஓம் எண்டால் அண்டைக்கே அனுப்புவன்.