பின்னம், தசமம், சதவீதம்: ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும்போது புள்ளி எந்தப் பக்கம் போகும்?

வடகரை எழுதியது:

குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்டு வரலாறு படித்தவள் நான். தமிழும் பொது அறிவும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன, அந்த 25 திறனறிவுக் கேள்விகள்தான் படுத்துகின்றன. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், அதனால் விட்டுவிடவும் மனசில்லை.

பின்னத்தைத் தசமமாக்குவது, தசமத்தைச் சதவீதமாக்குவது எல்லாம் தனித்தனியாகக் கொடுத்தால் செய்துவிடுவேன். கலந்து கொடுத்தால் புள்ளியை இடப்பக்கம் நகர்த்துவதா வலப்பக்கம் நகர்த்துவதா என்று நின்றுவிடுகிறேன். குறிப்பாக மூன்று இடங்கள். ஒன்று, 0.5% என்றால் பின்னத்தில் 1/2-ஆ, 1/200-ஆ? இரண்டு, 3/8-ஐச் சதவீதமாக்க 3-ஐ 8-ஆல் நீள் வகுத்தல் போட்டுத்தான் ஆக வேண்டுமா, அதற்கே ஒரு நிமிடம் போய்விடுகிறது. மூன்று, 1/3 என்பதை 33 என்று எடுப்பதா, 33.33 என்றா, 33⅓ என்றா? விடைகளில் மூன்றையும் கொடுத்துவிடுகிறார்கள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யூடியூபில் சொல்லும் 'ஷார்ட்கட்' வேண்டாம், ஏன் என்று புரிந்தால் போதும்.

கணக்கு டீச்சர் எழுதியது:

ஏன் என்று கேட்டதற்கே உங்களுக்குப் பதில் எழுத வேண்டும்போல இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

புள்ளி எந்தப் பக்கம் போகும் என்பதை மறந்துவிடுங்கள். % குறியைப் பார்த்த இடத்தில் அதை அழித்துவிட்டு '÷100' என்று எழுதுங்கள், அவ்வளவுதான். அந்தக் குறிக்கு வேறு அர்த்தமே கிடையாது. 45% என்றால் 45/100. சுருக்கினால் 9/20, தசமத்தில் 0.45. இதையே 0.5%-க்கும் செய்யுங்கள்: 0.5/100, மேலும் கீழும் பத்தால் பெருக்கினால் 5/1000, அதாவது 1/200. நூறில் ஒன்று என்பதே ஒரு சதவீதம், அதில் பாதி எப்படி அரையாகும்? 1/2 என்று போடுகிறவர்கள் எல்லோரும் % குறியைக் கண்ணால் பார்த்துவிட்டு மனசில் விட்டுவிடுகிறவர்கள். கால் சதவீதம் என்று கேட்டாலும் இதே வழிதான், 1/400, தசமத்தில் 0.0025. விடையை எழுதியதும் ஒரு தடவை அளவைப் பாருங்கள். ஒரு சதவீதமே 0.01 என்னும்போது அதற்குக் குறைவான எதுவும் 0.00 என்றுதான் தொடங்க முடியும். 0.25 என்ற விடை முதல் பார்வையிலேயே அடிபட்டுவிடும்.

திரும்பிப் போகும்போது, அதாவது பின்னத்தையோ தசமத்தையோ சதவீதமாக்கும்போது, 100-ஆல் பெருக்கி % குறியைப் போட வேண்டும். 0.07 என்றால் 7%. 0.7 என்றால் 70%, இதை 0.70 என்று எழுதிப் பார்த்தால் குழப்பமே வராது.

3/8-க்கு நீள் வகுத்தல் வேண்டாம். கால் என்பது 25%, அதில் பாதியான அரைக்கால் 12.5%, அதை மூன்றால் பெருக்கினால் 37.5%. முடிந்தது. இன்னொரு வழி, முதலில் 100-ஆல் பெருக்கிவிட்டுப் பிறகு வகுப்பது: 300/8. மூன்றை எட்டால் வகுத்துப் பிறகு நூறால் பெருக்குவதைவிட இது எப்போதும் சுலபம், ஏனென்றால் வெட்டுவதற்கு இடம் கிடைக்கிறது, 300/8 என்பது 75/2 ஆகிவிடுகிறது பாருங்கள்.

1/3-க்கு வருகிறேன். சரியான மதிப்பு 33⅓% மட்டும்தான். 33.33 என்பது பக்கத்தில் இருக்கும் ஓர் எண். '390-இல் 66⅔% எவ்வளவு' என்று கேட்டால் அதை 2/3 என்று மாற்றி 260 என்று ஒரே வரியில் எழுதலாம். 66.67 என்று எடுத்தால் 260.013 வரும், 66 என்று எடுத்தால் 257.4. அதனால் விடைகளில் 33⅓ இருந்தால் அதுதான் விடை. அது இல்லாமல் 33.33 மட்டும் இருந்தால் அவர்கள் தோராய மதிப்பைக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்தப் பின்னம் முடியும், எது முடியாமல் ஓடும் என்பதையும் வகுக்காமலேயே சொல்லிவிடலாம். முதலில் பின்னத்தை முழுதாகச் சுருக்குங்கள். பகுதியை, அதாவது கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2, 5 தவிர வேறு எதுவும் இல்லையென்றால் முடிவுறு தசமம், இருந்தால் சுழல் தசமம். 7/40 முடியும் (0.175), 7/30 முடியாது (0.2333…). சுருக்காமல் பார்க்கக் கூடாது, 3/12-இல் மூன்று இருப்பதுபோலத் தெரியும், ஆனால் அது கால்.

நகைப்பட்டறை எழுதியது:

டீச்சர் சொன்ன 33⅓ விஷயம் எங்கள் தொழிலில் தினமும் கையில் புழங்குவது, அதனால் இதைச் சொல்ல வேண்டும்.

தங்கத்தில் 24 காரட் என்பது முழுசு. 22 காரட் என்றால் 22/24, சுருக்கினால் 11/12. இதைத் தசமமாக்கினால் 0.91666… என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஹால்மார்க் முத்திரையில் 916 என்று மூன்று இலக்கத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். முறைப்படி முழுமையாக்கினால் 917 வந்திருக்க வேண்டும், அவர்கள் வெட்டி விட்டிருக்கிறார்கள். 20 காரட்டுக்கு 5/6, முத்திரை 833. 18 காரட் முக்கால் என்பதால் பிரச்சினையே இல்லாமல் 750. ஆனால் 14 காரட்டைப் பாருங்கள், 14/24 என்பது 0.58333…, முத்திரையோ 585. அது பின்னத்தை மாற்றி வந்த எண் அல்ல, தரமாக நிர்ணயித்த எண், கொஞ்சம் கூடவே இருக்கிறது.

ஒரு பவுன் 8 கிராம். 22 காரட்டில் சுத்தத் தங்கம் எவ்வளவு என்றால் 8 × 11/12, அதாவது 7⅓ கிராம். 0.916-ஆல் பெருக்கினால் 7.328 வரும். ஒரு பவுனில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரு கிலோ நகைக்குப் போட்டால் 916.67-க்கும் 916-க்கும் நடுவில் முக்கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். தங்கத்தில் அது காசு. அதனால்தான் கணக்கு முடியும் வரை பின்னத்திலேயே ஓட்டிவிட்டுக் கடைசியில் ஒரு தடவை மட்டும் தசமமாக்குவோம்.

தங்கச்சிக்கு இன்னொன்று. வரியோடு சேர்த்துச் சொன்ன விலையிலிருந்து வரியைப் பிரிப்பதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 18% ஜிஎஸ்டி சேர்த்து ஒரு பொருள் 1180 ரூபாய் என்றால், 1180-க்கு 18% போட்டால் 212.40 வரும், அது தப்பு. 18% என்பது வரிக்கு முந்தைய 1000 ரூபாய்க்கு. மொத்தத்தில் வரியின் பங்கு 18/118, அதாவது 180 ரூபாய். 5% வரி என்றால் இன்னும் அழகு, 5/105, மொத்தத்தில் 21-இல் ஒரு பங்கு. 'எதில் இத்தனை சதவீதம்' என்று கேட்காமல் யாராவது சதவீதம் சொன்னால் நான் பேனாவை எடுக்கவே மாட்டேன்.

வடகரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. '÷100' என்று எழுதிப் பார்த்தேன், அந்த 0.5% குழப்பம் போய்விட்டது. டீச்சர், இன்னொரு சந்தேகம்: 1/7, 1/9, 1/11 மாதிரியானவற்றை என்ன செய்வது? பயிற்சி வகுப்பில் 1/2-லிருந்து 1/20 வரை அட்டவணை கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். நகைப்பட்டறை அண்ணா, வட்டிக் கணக்கில் 12½% அடிக்கடி வருகிறதே, அதையும் பின்னத்திலேயே ஓட்டலாமா?

நகைப்பட்டறை எழுதியது:

தாராளமாக. 12½% என்றால் 1/8. தனிவட்டியில் 'எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும்' என்று கேட்டால், வருடத்துக்கு அசலில் எட்டில் ஒரு பங்கு வட்டியாகச் சேர்கிறது, அசலளவு சேர எட்டு ஆண்டு. சூத்திரமே தேவையில்லை. 6¼% என்றால் 1/16, பதினாறு ஆண்டு.

ஊரில் 'ரெண்டு வட்டி' என்று சொல்வது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். தேர்வுக் கேள்வியில் வருட வட்டி என்று இருக்கும், அங்கே அது 24%. மாதமா வருடமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாகாணி எழுதியது:

6¼% என்றதும் உள்ளே வந்துவிட்டேன். எங்கள் தாத்தா காலத்தில் இதற்குப் பெயர் மாகாணி, வீசம் என்றும் சொல்வார்கள், 1/16. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் ஓர் அணா என்பதும் இதே பங்கு. 1957 ஏப்ரலில் ரூபாயை நூறு காசாக்கியபோது ஓர் அணா 6.25 பைசா ஆனது, பின்னத்தைச் சதவீதமாக்குகிற கணக்கை ஒரு நாடு முழுக்க உட்கார்ந்து போட்ட சமயம் அது. நாலணா 25 பைசா, எட்டணா 50 பைசா, பன்னிரண்டணா 75 பைசா என்று இவை மட்டும் மீதியில்லாமல் பொருந்தின. மற்ற அணாவெல்லாம் காலும் அரையும் முக்காலுமாக இழுத்தன.

டீச்சர் 2, 5 என்று சொன்னதை நம்முடைய பழைய வாய்ப்பாட்டில் வைத்துப் பாருங்கள். முந்திரி 1/320. நாலு முந்திரி ஒரு காணி, 1/80. நாலு காணி ஒரு மா, 1/20. ஐந்து மா ஒரு கால். ஒவ்வொரு படியும் நாலு, நாலு, ஐந்து என்று ஏறுவதால் பகுதியில் 2-உம் 5-உம் தவிர வேறு எதுவும் நுழைய வழியில்லை. ஆகவே முந்திரி வரைக்கும் எல்லாமே முடிவுறு தசமம். மா 5%, காணி 1.25%, முந்திரி 0.3125%. ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தால் 5 + 1.25 = 6.25, மாகாணி! தசமப் புள்ளியே இல்லாமல் இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து மனசில் கூட்டியிருக்கிறார்கள். தேர்வுக்கு இது வராது, ஆனால் 5%, 1.25% இரண்டையும் கையில் வைத்திருந்தால் நிறையச் சதவீதத்தைக் கூட்டியே எடுத்துவிடலாம். 640-இல் 6¼% என்றால் 32-உம் 8-உம், ஆக 40.

கணக்கு டீச்சர் எழுதியது:

மாகாணி ஐயா சொன்னதை என் வகுப்பில் நிச்சயம் சொல்லப்போகிறேன்.

வடகரை, அந்த அட்டவணையை முழுதாக மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேர்வு அறையில் பதற்றத்தில் 1/13-உம் 1/17-உம் இடம் மாறிக்கொள்ளும். 1/3, 1/6, 1/7, 1/8, 1/9, 1/11, 1/12 இவ்வளவு போதும், அவற்றிலும் பாதி தானாக வரும். 33⅓-இல் பாதி 16⅔ (1/6), அதில் பாதி 8⅓ (1/12). 1/9 என்பது 11 1/9%, 1/11 என்பது 9 1/11%. ஒன்பதும் பதினொன்றும் பெருக்கினால் 99 வருவதால்தான் இரண்டும் இப்படி மாற்றி மாற்றி வருகின்றன. 1/7-ஐ 14 2/7% என்று வைத்துக்கொள்ளுங்கள். தசமத்தில் அது 0.142857 142857 என்று அந்த ஆறு இலக்கமே சுற்றிச் சுற்றி வரும், 2/7 போட்டால் 0.285714, அதே ஆறு இலக்கம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது.

புள்ளிக்கு அடுத்த இலக்கத்திலிருந்தே சுழலும் தசமத்தைப் பின்னமாக்கச் சொன்னால், சுழலும் இலக்கங்கள் எத்தனையோ அத்தனை 9 பகுதியில் போடுங்கள். 0.272727… என்றால் 27/99, சுருக்கினால் 3/11. ஏன் என்றால், அந்த எண்ணை நூறால் பெருக்கினால் 27.2727…, இதிலிருந்து பழைய எண்ணைக் கழித்தால் வால் முழுக்க அடிபட்டு 27 மட்டும் நிற்கும், 100 மடங்கில் ஒரு மடங்கு போக 99 மடங்கு.

குரூப் 4 எழுதுகிறவர்களுக்கு அரைச் சதவீதத்தின் எடை எவ்வளவு என்பது வெளியே தேட வேண்டியதில்லை. நம் மாநில இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5%, அவர்களில் இஸ்லாமியருக்குத் தனியாக 3.5%. நூறு இடத்தில் இருபத்தாறரை இடம் கொடுக்க முடியாதே. 3.5% என்பது 7/200, 26.5% என்பது 53/200. அதனால் எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசைப்படுத்தும் இனச்சுழற்சிப் பட்டியல் 200 இடங்களுக்குப் போடப்படுகிறது, அதில் 53, 7 என்று முழு எண்ணாக நிற்கிறது. மற்றப் பிரிவுகளையும் சேர்த்து மொத்தம் 69% என்பது 138 இடம், பொதுப் பிரிவுக்கு 62. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% என்பது 3/40. நாற்பதுக்கு மூன்று என்று சொன்னால் எவ்வளவு என்பது உடனே மனசில் படிகிறது, 7.5 என்றால் படிவதில்லை.

வடகரை எழுதியது:

பின்னத்தில் ஓட்டிப் பார்த்தேன். 'ஒரு எண்ணின் 37.5% என்பது 270 எனில் அந்த எண் என்ன?' 3/8 பங்கு 270, எட்டில் ஒரு பங்கு 90, எண் 720. எழுதவே தேவைப்படவில்லை. அடுத்தது, 'சர்க்கரை விலை 25% உயர்ந்தது, செலவு உயராமலிருக்கப் பயன்பாட்டை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்?' விலை 5/4 மடங்கு, அதனால் வாங்கும் அளவு 4/5 மடங்கு, குறைய வேண்டியது 1/5, விடை 20%. சரிதானே?

கணக்கு டீச்சர் எழுதியது:

இரண்டும் சரி. கால் பங்கு ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு இறக்க வேண்டும், ஐந்தில் ஒன்று ஏறினால் ஆறில் ஒன்று, இப்படியே போகும். ஆகவே விலை 10% உயர்ந்தால் என்று கேட்டால் 1/11 குறைக்க வேண்டும், விடை 9 1/11%. அதில் 10, 11, 9 என்று மூன்றையும் கூடவே வைத்திருப்பார்கள், பின்னத்தை எழுதிவிட்டுப் பிறகு விடைகளைப் பாருங்கள்.