தாத்தாவின் துப்பாக்கி: புதுப்பிப்பு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள டோங்காட் ஊர்ப் பண்ணை வீட்டில் கிடைத்த தாத்தாவின் துருப்பிடித்த இரட்டைக்குழல் துப்பாக்கியைச் சுவரில் மாட்ட எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டிருந்தேன் அல்லவா? முடித்துவிட்டேன்.

முதலில், லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள்.

அப்புறம் எண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்து, 0000 நம்பர் ஸ்டீல் வுல்லால் (மிக மெல்லிய எஃகு இழைப் பஞ்சு) மெதுவாகத் தேய்த்தேன். துரு நீங்க நீங்க, குழல் முழுக்க அலை அலையாகக் கோடுகள்! டமாஸ்கஸ் குழல், இரும்பையும் எஃகையும் முறுக்கி, சுற்றி, பற்றவைத்துச் செய்தது. மணல்தாள் போட்டிருந்தால் அந்த அழகு போயிருக்கும். பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய். டர்பன் பக்கத்துக் கடற்காற்றுக்காக இரும்புக்கு மெழுகுப் பூச்சு. துருப்பிடித்த பழைய டமாஸ்கஸ் குழல் என்பதால், இனி இந்தத் துப்பாக்கியால் சுடவே கூடாது.