32 பிட் தொடக்க நிரலை 64 பிட்டுக்கு மாற்றிய பின் முதல் டைமர் குறுக்கீட்டிலேயே மறுதொடக்கம்

வெண்ணாறு:
அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். சீனியர்கள் எழுதி வைத்துச் சென்ற சிறிய 32 பிட் கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) 64 பிட்டுக்குக் கொண்டுவருவது எங்கள் குழுவின் புராஜெக்ட். கணினி தொடங்கும்போது கர்னலை ஏற்றும் நிரலான கிரப் எங்களை 32 பிட் பாதுகாப்பு முறையில் விடுகிறது. அங்கிருந்து நான்கு அடுக்குப் பக்க அட்டவணையை (நிரலின் முகவரிகளை நினைவக முகவரிகளாக மாற்றுவது) அமைத்து, செயலியின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரான சி.ஆர்.3-இல் அதன் முகவரியை ஏற்றி, சி.ஆர்.4-இல் 5-ஆம் பிட்டையும், ஈ.எஃப்.இ.ஆர் ரெஜிஸ்டரில் 8-ஆம் பிட்டையும், கடைசியாக சி.ஆர்.0-இல் 31-ஆம் பிட்டையும் (பக்க அட்டவணையைச் செயல்படுத்துவது) ஏற்றிய பிறகு, 64 பிட் குறியீட்டுப் பிரிவுக்கு ஃபார் ஜம்ப் (வேறு பிரிவுக்குத் தாவும் கட்டளை) செய்கிறோம். சி நிரல் ஓடுகிறது, திரையில் எழுத்தும் வருகிறது. ஆனால் குறுக்கீடுகளை (டைமர் போன்றவை செயலியை இடைமறித்து அழைப்பது) அனுமதித்தவுடன், கணினியைப் போலச் செயல்படும் மென்பொருளான க்யூஎமுவின் லாகில் 13-ஆம் எண் பழுது (பாதுகாப்பு விதிமீறல்), அடுத்து 8 (ஒரு பழுதைக் கையாள முயலும்போதே எழும் இரட்டைப் பழுது), பிறகு மறுதொடக்கம். எந்தக் குறுக்கீட்டுக்கு எந்த நிரல் என்று சொல்லும் குறுக்கீட்டு அட்டவணையின் இருப்பிடத்தைக் காட்டும் 6 பைட்டை 10 ஆக்கியதைத் தவிர, அந்தப் பகுதியில் நாங்கள் கை வைக்கவில்லை. பக்க அட்டவணையில்தான் பிழையா?

குடமுருட்டி:
பக்க அட்டவணையைச் சந்தேகிக்க வேண்டாம். மேட்டூரில் ஜூன் 12 அன்று மதகைத் திறக்கும் முன் வாய்க்கால் தூர்வாரி முடிந்திருக்க வேண்டும் என்பதுபோல, சி.ஆர்.0-இன் அந்தப் பிட்டை ஏற்றும்போதே அட்டவணை முழுமையாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் உங்கள் நிரல் அடுத்த கட்டளைக்கே போயிருக்காது.

பிழை நீங்கள் கை வைக்காத இடத்தில் இருக்கிறது. 32 பிட்டில் குறுக்கீட்டு அட்டவணையின் ஒரு பதிவு 8 பைட். 64 பிட்டில் 16 பைட். டைமரை வழக்கம்போல 32-ஆம் எண்ணுக்கு மாற்றியிருப்பீர்கள் என்று கொள்கிறேன். செயலி 32-ஐ 16-ஆல் பெருக்கி 512-ஆம் பைட்டுக்குப் போகும். அங்கே இருப்பவை உங்கள் பழைய 64, 65-ஆம் பதிவுகள். பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள். அதனால் 13-ஆம் பழுது எழுகிறது. அந்தப் பழுதைக் கையாள 13-ஐ 16-ஆல் பெருக்கி 208-ஆம் பைட்டுக்குப் போனால், அது பழைய 26-ஆம் பதிவு. அதை நிரப்பியிருந்தாலும் பயனில்லை, ஏனெனில் 27-ஆம் பதிவின் முதல் 4 பைட்டுகளைச் செயலி முகவரியின் மேல் பாதியாக எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு முகவரியே செல்லாது. 8-ஆம் பழுதுக்கும் இதே கதிதான், அதன்பின் மறுதொடக்கம்.

பதிவின் வடிவத்தைத் திருத்தும்போது கையாளும் நிரலின் முடிவையும் பாருங்கள். அங்கே ஐரெட் (குறுக்கீட்டிலிருந்து திரும்பும் கட்டளை) என்று மட்டும் இருந்தால் அசெம்பிளர் வாய் திறக்காமல் 32 பிட் வடிவத்தையே தரும். ஐரெட்க்யூ என்று எழுத வேண்டும்.

அரசலாறு:
மேலே சொன்னவை சரி. ஆனால் அவற்றைத் திருத்திய பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, காரணமில்லாமல் ஒரு மாறியின் மதிப்பு கெட்டுப்போகும் நிலை வரலாம். 64 பிட் சிஸ்டம் 5 மரபில் (ஃபங்ஷன்களை அழைக்கும் விதிமுறை), ஸ்டாக் சுட்டிக்குக் கீழே 128 பைட் பகுதியை, சுட்டியை நகர்த்தாமலேயே கம்பைலர் பயன்படுத்திக்கொள்ளும். பயனர் நிரலுக்கு அது நல்லது. கர்னலிலோ, குறுக்கீடு வரும்போது செயலி அதே இடத்தின் மேல் எழுதிவிடும். கம்பைலருக்கு அந்தப் பகுதி வேண்டாம் என்று சொல்லும் விருப்பத்தைத் தொகுப்புக் கட்டளையில் சேர்த்துவிடுங்கள். இதைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட முன்கூட்டியே தடுப்பது எளிது.

பாயிண்டரை (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) 32 பிட் முழு எண்ணாக மாற்றும் வரிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நினைவகம் 4 ஜிபிக்குக் கீழே இருக்கும்வரை அவை ஒன்றும் செய்யாது. கர்னலை மேல் முகவரிக்கு நகர்த்திய அன்று எல்லாம் ஒரே சமயத்தில் உடையும்.

வெண்ணாறு:
பதிவை 16 பைட்டாக மாற்றியதும் டைமர் ஓடுகிறது, நன்றி ஐயா. இன்னொரு கேள்வி: கிரப் தரும் நினைவக வரைபடத்தின் முகவரி, சி நிரலுக்குப் போகும்போது சில சமயம் தவறாக இருக்கிறது.

குடமுருட்டி:
32 பிட்டில் அதை ஸ்டாக்கில் தள்ளியிருப்பீர்கள். 64 பிட்டில் முதல் அளவுரு ஆர்.டி.ஐ ரெஜிஸ்டரில் போக வேண்டும். முறை மாறும்போது ரெஜிஸ்டர்களின் மேல் 32 பிட்டுகளில் என்ன இருக்கும் என்பதற்கு உறுதியில்லை; ஆகவே ஜம்புக்குப் பிறகு, கிரப் முகவரியை வைக்கும் ஈ.பி.எக்ஸ்-இலிருந்து ஆர்.டி.ஐ-யின் கீழ் பாதியான ஈ.டி.ஐ-க்கு 32 பிட் நகர்த்தலாகச் செய்யுங்கள், மேல் பாதி தானே பூஜ்யமாகிவிடும். அழைப்பதற்கு முன் ஸ்டாக் 16 பைட் எல்லையில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.