பொருள்: வண்டியில் பூட்டும் தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரக் கலைச்சொல் பட்டியலில் வந்த இந்த வரியைப் பற்றி எழுதுகிறேன்.

> வேன் மவுண்டட் சிஸ்டம் (சன்னல் துடைக்கும் தொழில்): வாகனத்தில் ஏற்றப்பட்ட தூயநீர் அமைப்பு

லண்டனில் பதினொரு வருடமாக யன்னல் துடைப்பதுதான் என் பிழைப்பு. இந்தச் சாமானைக் காலையில் நிரப்பி மாலையில் காலியாக்குகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: 'ஏற்றப்பட்ட' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். 'தூயநீர்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 'அமைப்பு' இருந்தாலும் சரி, போனாலும் சரி.

பார்க்காதவர்களுக்காகச் சாமானை முதலில் சொல்லிவிடுகிறேன். வானின் (வேனின்) பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தாங்கி. அதிலிருந்து 12 வோல்ற் பம்ப் தண்ணீரை இழுக்கிறது. பம்புக்குத் தனிப் பற்றறி. நூறு மீற்றர் மெல்லிய குழாய் ஓர் உருளையில் சுற்றியிருக்கும். அதை இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போகலாம். ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளும் கார்பன் தடிக்குள் தண்ணீர் ஏறி, உச்சியில் இருக்கும் தூரிகைக்குப் போகிறது. நிலத்தில் நின்றபடியே மூன்றாம் மாடி யன்னலைத் தேய்த்து, அலசி, அப்படியே விட்டுவிட்டு வருவோம். ஊரில் ஒட்டறைத்தடியும் கொக்கத்தடியும் பிடித்த கைக்கு இது புதிதில்லை. தடிக்குள் தண்ணீர் ஏறுவது ஒன்றுதான் புதிது. உயரத்தில் வேலை செய்வது பற்றிய 2005ஆம் ஆண்டு விதிகள் இங்கே இருக்கின்றன. ஏறாமல் செய்ய முடிகிற வேலைக்கு ஏறாதே என்பதுதான் அவற்றின் முதல் கட்டளை. நானும் ஏணியை விட்டுத் தடிக்கு வந்தவன்தான்.

துணியால் துடைப்பதில்லை, கண்ணாடி தானாகக் காய வேண்டும். அதனால் தண்ணீரின் குணம் முக்கியமாகிறது. லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணப்பாறை வழியாக வருவது. என் பகுதியில் உப்பை அளக்கும் மீற்றரை வைத்தால் 300க்கு மேல் காட்டும், அதாவது ஒரு லீற்றரில் அத்தனை மில்லிகிராம் கரைந்த உப்பு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கேயும் சுண்ணக்கல்தான், அங்கேயும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படைதான். அந்தத் தண்ணீர் கண்ணாடியில் காய்ந்தால் துளித் துளியாக உப்புப் பூக்கும். (இதற்கும் ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். சுவரில் உப்புப் பூத்திருக்கிறது என்கிறோமே, அதுவே போதும்.)

ஆகவே உப்பை எடுக்க வேண்டும். முதலில் சேற்றைப் பிடிக்கும் வடி, பிறகு கரி வடி. குளோரின் மென்சவ்வை அரித்துவிடும் என்பதால் கரி அதை முன்னாலேயே பிடித்துக்கொள்கிறது. பிறகு மென்சவ்வு, தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய தாள். பாடப்புத்தகத்தில் இதை நாங்கள் நேர்மாறு பிரசாரணம் என்று படித்தோம், தமிழ்நாட்டில் எதிர் சவ்வூடு பரவல் என்கிறார்கள், தொழிலில் இரண்டு பக்கமும் ஆர்.ஓ.தான். உப்பில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். மிச்சத்தை ரெசின் என்ற பிசின் மணிகள் உறிஞ்சும். மீற்றர் 10க்குக் கீழே இருந்தால் கண்ணாடி பூக்காது. நான் பூச்சியத்தில்தான் வைத்திருப்பேன். கிளாஸ்கோவில் இருப்பவருக்கு ஏரித் தண்ணீர், மென்னீர். ரெசின் மட்டும் போதும். அதே சாமானை லண்டனில் வாங்கினால் ரெசின் மாற்றியே கை வறண்டுவிடும். எனவே வாங்குவதற்கு முதல் வீட்டுக் குழாயில் மீற்றரைப் பிடித்துப் பாருங்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது.

இப்போது 'தூயநீர்'. என்னோடு உதவிக்கு வரும் தம்பி முதல் கிழமையே தாங்கியிலிருந்து போத்தலில் பிடித்துக் குடிக்கப் போனான். "சுத்தமான தண்ணிதானே அண்ணை?" என்றான். சொல் அப்படித்தான் நினைக்க வைக்கிறது. ஆனால் கிருமியை அடக்கும் குளோரினை நாமே எடுத்துவிட்டோம். கோடையில் வானுக்குள் நின்று சூடேறிய தண்ணீர் அது. லெஜியோனெல்லா போன்ற பக்டீரியா வளர 20 பாகையிலிருந்து 45 பாகை வரை உள்ள சூடு பிடிக்கும். அதற்குத் தூய என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை. ஒன்றும் இல்லாத தண்ணீர் என்பதால் வெறுங்கை, வெறும்வயிறு மாதிரி 'வெறுநீர்' என்று வைக்கலாம்.

அப்புறம் 'ஏற்றப்பட்ட'. இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

முதல் வருடம் 400 லீற்றர் தாங்கியைப் பட்டி போட்டு இறுக்கித்தான் வைத்திருந்தேன். வைத்துத் தந்தவர், நாலு பட்டி போட்டிருக்கிறது, அசையாது என்றார். ஒரு மழைநாள் காலை. சுற்றுவட்டத்தில் ஒரு பிள்ளை சைக்கிளோடு குறுக்கே வந்தது. பிறேக் அடித்தேன். வான் நின்றது, தாங்கி நிற்கவில்லை. பட்டி மாட்டியிருந்த வளையத்தைத் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வந்து, இருக்கைக்குப் பின்னால் இருந்த இரும்புச் சுவரில் மோதியது. மணிக்கு இருபது மைல்கூட இராது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இறங்கிப் பின்கதவைத் திறந்து பார்த்தேன். என் முதுகு சாய்கிற உயரத்தில் அந்தச் சுவர் உள்ளங்கை ஆழத்துக்குக் குழிந்திருந்தது. குழிக்குள் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அன்று வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. 500 லீற்றர் தாங்கி என்றால் அரைத் தொன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வான் எதிலாவது முட்டி நிற்கும்போது அது தன் எடையைப் போல இருபது மடங்கு விசையோடு முன்னால் வந்தால், பத்துத் தொன். பட்டி அதைப் பிடிக்காது. 'ஏற்றப்பட்ட' என்றால் மூட்டை ஏற்றுவது மாதிரி, சாமான் ஏற்றுவது மாதிரி. ஏற்றியதை இறக்கலாம், நகர்த்தலாம். இந்தத் தாங்கியை அப்படி நினைக்கவே கூடாது.

ஊரில் பம்ப் பூட்டுவது, ஃபான் பூட்டுவது, சில்லைக் கழற்றிப் பூட்டுவது என்போம். ஆணி போட்டு, அசையாதபடி, உடம்போடு உடம்பாகச் சேர்ப்பதுதான் பூட்டுவது. எனவே என் முன்மொழிவு: பூட்டுத்தாங்கி.

வான்தாங்கி என்று வைத்தால் என்ன என்றும் யோசித்தேன். எங்களுக்கு வான் என்பது வண்டி. ஆனால் தமிழில் வான் என்றால் ஆகாயம், மழை. வள்ளுவர் வான்சிறப்பு என்றது மழையை. வான்நீர் என்று எழுதினால் எல்லோரும் மழைத்தண்ணீர் என்றுதான் படிப்பார்கள். மழைத்தண்ணீரும் ஏறக்குறைய வெறுநீர்தான் என்பது வேறு கதை. அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

லண்டனிலிருந்து

* * *

மறுமொழி

தம்பிக்கு வணக்கம்.

அந்த வரியை எழுதியது நான்தான். வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வண்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. உங்கள் முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். 'ஏற்றப்பட்ட' போகட்டும்.

பூட்டு பற்றி மூன்று விஷயம். திருநெல்வேலியில் யாரிடமாவது பூட்டுத்தாங்கி என்று சொன்னால் பூட்டும் சாவியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கேயும் ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், பழைய பாட்டில் வில்லில் நாண் பூட்டுகிறார்கள். அந்தப் பொருள் செத்துவிடவில்லை, கொஞ்சம் தூங்குகிறது.

அதைத் தட்டி எழுப்ப இலக்கணமே வழி வைத்திருக்கிறது. நீங்கள் ஒற்றுப் போட்டுப் பூட்டுத்தாங்கி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதினால் பூட்டு பெயர்ச்சொல் ஆகிவிடும், கதவில் தொங்கும் பூட்டு. ஒற்று இல்லாமல் பூட்டுதாங்கி என்றால் வினைத்தொகை: பூட்டிய, பூட்டுகிற, பூட்டும் தாங்கி. ஊறுகாய், சுடுகாடு போல. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. உங்களுக்கு வேண்டிய பொருள் ஒற்றை எடுத்தால்தான் வரும்.

மூன்றாவது, தாங்கி. இங்கே தாங்கி என்றால் தாங்கும் பொருள்: சுமைதாங்கி, இடிதாங்கி. தண்ணீர் இருப்பது தொட்டி. மொட்டைமாடியில் இருப்பதும் தொட்டிதான், ஊருக்குப் பொதுவாக நிற்பதும் தொட்டிதான். பூட்டுதாங்கி என்று படித்தால், எதையோ பூட்டித் தாங்கும் சட்டம் என்று நினைப்பேன்.

வெறுநீர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அயனி நீக்கிய நீர் என்ற சொல் பாடநூலில் இருக்கிறது. அதை இது தள்ளிவிடக் கூடாது. இங்கே வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷினில் பிடித்துத்தான் குடிக்கிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தத் தண்ணீரும் உங்கள் தண்ணீரும் ஒன்றல்ல என்று பட்டியலில் ஒரு வரி இருக்க வேண்டும்.

ஒரு கேள்வி. தொட்டியை எதோடு பூட்டுகிறீர்கள்? வண்டியின் தரை மெல்லிய தகடுதானே?

* * *

மறுமொழி

அம்மாவுக்கு வணக்கம்.

ஒற்றை எடுத்துவிட்டேன். பதினொரு வருடம் பூட்டிக் கழற்றியும் இந்த நுணுக்கம் எனக்குத் தெரியாது. நன்றி.

தொட்டி என்றால் எங்களுக்குக் கிணற்றடித் தொட்டி, மாடு குடிக்கும் தொட்டி. வாய் திறந்து கிடப்பது. மூடியிருப்பது தாங்கி. இதில் யாரும் யாரையும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். பூட்டுதாங்கி, பூட்டுதொட்டி இரண்டையும் போடுவோம். வினைதான் எனக்கு முக்கியம். வெறுநீரைத் தொழிற்சொல்லாக மட்டும் வைத்துக்கொள்வோம், 'குடிப்பதற்கு அல்ல' என்ற குறிப்போடு. ஆய்வுகூடத்துக்கு உங்கள் அயனி நீக்கிய நீர் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தரை மெல்லிய தகடுதான். அதில் ஓட்டை போட்டு போல்ற்றை மட்டும் மாட்டினால், அடிபடும்போது போல்ற் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் தாங்கியை முதலில் இரும்புச் சட்டத்துக்குள் வைக்கிறோம். சட்டத்தின் கால்களிலிருந்து போல்ற் தரையைத் துளைத்துக் கீழே போகும். வண்டிக்கு அடியில் ஒவ்வொரு போல்ற்றுக்கும் அகலமான தடித்த இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும். விசை ஓர் ஓட்டையில் நில்லாமல் அந்தத் தகட்டின் அகலத்துக்குப் பரவும். முடிந்த இடத்தில் வண்டியின் அடிச்சட்டத்தோடேயே சேர்க்க வேண்டும். மோதவிட்டுச் சோதித்த சட்டங்கள் விலைக்குக் கிடைக்கின்றன. விலை கூடத்தான், நான் இரண்டாவது முறை அதைத்தான் வாங்கினேன். துளைக்க முதல் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். டீசல் தாங்கி, பிறேக் குழாய், வயர் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. மின்சார வான் என்றால் பற்றறியே தரைக்கு அடியில்தான், எனவே செய்தவரைக் கேட்காமல் துளைக்கவே கூடாது.

எவ்வளவு பெரிய தாங்கி என்பதையும் வான்தான் தீர்மானிக்கும். என் வானின் தகட்டில், சுமையோடு மொத்தம் 2,800 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. நானும் தடிகளும் முழு டீசலும் ஏறி நிறுவையில் நிறுத்தால் 2,080. மிச்சம் 720. தாங்கி, சட்டம், பம்ப், பற்றறி, உருளை எல்லாம் சேர்ந்து 130. 650 லீற்றர் வாங்கச் சொன்னார்கள். கூட்டிப் பாருங்கள், 780. ஆகவே 500 வாங்கினேன். தம்பியும் ஏறிக்கொண்டால் இருபது கிலோவுக்குக் கிட்டத்தான் மிஞ்சும். பூட்டும் இடமும் அச்சுக்கு அருகில் இருக்க வேண்டும்; பின்கதவோடு ஒட்டி வைத்தால் முன்சில்லு லேசாகித் திருப்பம் பிடிக்காது.

இன்னொரு சொல்லும் தருகிறேன். தாங்கிக்குள்ளே குறுக்கே தகடுகள் இருக்கும், பாதித் தண்ணீர் அலைந்து வண்டியைத் தள்ளாமல் இருக்க. நிறைகுடம் தளும்பாது என்பது எங்கள் தொழிலில் அப்படியே உண்மை. காலையில் முட்ட நிரப்பியபோது வான் அமைதியாகப் போகும். மத்தியானம் பாதியானதும் திருப்பத்தில் பின்னால் ஒரு ஆள் இடிக்கிற மாதிரி இருக்கும். அந்தத் தகடுகளுக்குத் தளும்பல்தடுப்பு என்று பெயர் வைக்கலாமா? தடிக்கு நீரூட்டுகோல் என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் நீரேறுதடி என்பேன், தண்ணீர் ஏறுவதைக் கையில் உணர முடிகிறது. இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

நேற்று வேலை முடிந்து வந்துகொண்டிருக்கும்போது தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. பின்னால் இருக்கிறதுக்கு இனிப் பூட்டுதாங்கி என்று பெயர் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான். பிறகு கேட்டான்: "எதோட பூட்டியிருக்கு அண்ணை?"

நீங்கள் கேட்ட அதே கேள்வி. வானை ஓரமாக நிறுத்தி, பின்கதவைத் திறந்து, சட்டத்தின் நாலு காலையும் காட்டினேன். ஒரு போல்ற் அரைச் சுற்று இளகியிருந்தது. முடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

லண்டனிலிருந்து