சிலாம்பு எடுத்ததுக்கு 10120 பில்லிங் கோடு நிக்குமா?

குன்னூர் கோடர்:
அமெரிக்க ஈடி (அவசரப் பிரிவு) புரொஃபீ சார்ட், அதாவது டாக்டர் கட்டணத்துக்குக் கோடு போடற நோயாளிப் பதிவு. உள்ளங்கையில் மரச்சிலாம்பு. புரொசீஜர் நோட்டில் இருக்கிறது இவ்வளவுதான்: லிடோகெய்ன் போட்டு, ஃபோர்செப்ஸால் முழுசா எடுத்தாச்சு. 10120, கூடவே 25 மாடிஃபயரோட (பரிசோதனை தனி வேலைன்னு காட்டுற துணை எண்) 99283 (ஈடி பரிசோதனைக் கோடு) போட்டா நிக்குமா? இன்னொரு சார்ட்டில் வலது காதில் பூச்சி; அதே காதில் அழுக்கும் எடுத்திருக்காங்க. 69200 (காதில் புகுந்ததை எடுத்தது), 69210 (இறுகின காது அழுக்கை எடுத்தது) ரெண்டும் போடலாமா?

கோத்தகிரி ஈடி:
10120 நிக்காதுங்க. கீறி எடுத்தால்தான் அந்தக் கோடு; விளக்கத்தின் முதல் சொல்லே கீறல்தான். மரத்துப்போக ஊசி போட்டது கீறினதுக்குச் சாட்சி ஆகாது. ஆடிட்டில் அதிகம் மாட்டுறது இங்கேதான். வெறும் ஃபோர்செப்ஸ் வேலைன்னா ஈ/எம்முக்குள்ளேயே (99283 மாதிரி பரிசோதனைக் கோடு) அடங்கிடும், 25ம் வேண்டாம். "11 நம்பர் பிளேடால் 3 மில்லிமீட்டர் கீறி" மாதிரி ஒரு வரி இருந்தா போதும். சந்தேகம்னா டாக்டருக்குக் கொயரி (விளக்கம் கேட்கிற கேள்வி) அனுப்புங்க. ஆனா "கீறினீங்களா?"னு பதிலை ஊட்டிக் கேட்கக் கூடாது, "எப்படி எடுத்தீங்க?"ன்னு கேளுங்க.

ஏற்கெனவே பிளந்திருக்கிற காயத்தில் இருந்து கண்ணாடியைப் பொறுக்கிட்டுத் தையல் போட்டிருந்தா, 12001 மாதிரி தையல் கோடு மட்டும்தான். அதே சிலாம்பு பாதத்தில் தோலுக்கு அடியில் இருந்தா 28190 பக்கம் போங்க. உள்ளங்கையில் தசை வரைக்கும் போயிருந்தா 20520. அதனால ஆழம் நோட்டில் இருக்கான்னு முதல்ல பாருங்க.

ஊட்டி ஆடிட்டர்:
காது விஷயம்: ஒரே காதுன்னா 69200 மட்டும். பூச்சியை எட்டுறதுக்காக அழுக்கை எடுத்தது அதிலேயே சேர்ந்திடும். இடது காதில் தனியா இறுகின அழுக்கைக் கருவியால் எடுத்திருந்தா, ஆர்டி (வலது), எல்டி (இடது) போட்டு, 69210க்கு 59 அல்லது எக்ஸ்எஸ் (தனி வேலைன்னு காட்டுற மாடிஃபயர்கள்) சேர்த்துக் காட்டலாம். தண்ணி பீச்சி மட்டும் எடுத்திருந்தா 69210 கிடையாது, 69209. நோய்க் கோடு டி16.1, ஏழாவது எழுத்து ஏ (முதல் கட்ட சிகிச்சை). 2023 அக்டோபர்ல இருந்து பூச்சிக்கு டபிள்யூ44.எஃப்4 கூடுதலா போடணும். நிறைய பேர் அதை விட்டுடறாங்க.

கேட்காத ஒண்ணு, கருவிழியில் துகள் சிக்கினாலும் இதே சிக்கல்தான். ஸ்லிட் லேம்ப்பில் (கண்ணைப் பெரிசாக்கிக் காட்டுற கருவி) பார்த்துட்டு, அது இல்லாம ஊசியால் எடுத்தா 65220. எடுக்கும்போதும் அதை வச்சிருந்தால்தான் 65222. ஒரே கருவிழியில் மூணு துகள் எடுத்தாலும் ஒரு தடவைதான்.

கொடைக்கானல் நைட்ஷிப்ட்:
மூக்கில் அட்டை புகுந்திருந்தா? நம்ம சோலைப் பக்கம் சகஜம், அமெரிக்க சார்ட்டில் அபூர்வம்.

ஊட்டி ஆடிட்டர்:
எடுத்ததுக்கு 30300, முழு மயக்கம் கொடுத்திருந்தா 30310. அட்டை பூச்சி இல்லைங்க, டபிள்யூ44.எஃப்4 போட்டுடாதீங்க. உள்ளே புகுந்த அட்டைக்குன்னே பி83.4 இருக்கு.

குன்னூர் கோடர்:
சரிங்க, 69200 மட்டும் வச்சிடறேன். சிலாம்பு சார்ட்டை ஹோல்டில் போட்டு, "எப்படி எடுத்தீங்க?"ன்னு கொயரி அனுப்பியாச்சு.